கொம்பைப் பிடித்த ஊர்

"ஏட்டி கனி, உன் மணலு நேத்து வேப்பமரத்தைத் தாண்டிட்டு. அது நின்ன இடத்துலதான் நிக்குன்னு உங்க ஆபீஸ்ல இன்னும் சொல்லிக்கிட்டு இருக்காவளா?"

தவசம்மாள் இதைக் கேட்டது செம்மணல் மேட்டின் உச்சியில் நின்றுகொண்டு. சுனையடி ஊராட்சிக்கு அவள்தான் தலைவி. கேள்வியை வாங்கிக்கொண்டவள் லிங்கக்கனி, தவசம்மாளின் இறந்துபோன கணவருக்குத் தங்கை. காற்றுத் தூண் நிலையத்தில் பொறியாளர். மணல் எங்கே போகிறது என்று பார்ப்பது அவள் வேலை.

"என் மணலா மைனி? நானா அள்ளிட்டு வந்து கொட்டினேன்?"

"காத்து உங்களது. காத்து தள்ளுத மணலும் உங்களதுதான். வீட்டு நாய் கடிச்சா வீட்டுக்காரனைத்தானே கேப்போம்?"

லிங்கக்கனி கிழக்கே பார்த்தாள். மேட்டின் அடிவாரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் சுனை. கல் கட்டிய கரை, அதில் நாலைந்து குடங்கள். சுனையைத் தாண்டினால் வீடுகள். மேட்டின் நடுப்பகுதி முன்தள்ளிய வயிறு போலச் சுனையை நோக்கிப் பிதுங்கியிருந்தது.

முன்பெல்லாம் இந்தத் தேரி, இந்தச் செம்மணல் காடு, நடந்ததில்லை. ஆனி ஆடியில் மேல்காற்று கிழக்கே தள்ளிய மணலை ஐப்பசி பிறந்ததும் வாடை திருப்பிக் கொண்டுவரும். பிற்பகல்தோறும் கடலிலிருந்து வரும் கொண்டல் மிச்சம் மீதியைத் தட்டிச் சரிசெய்யும். மேடுகள் புரண்டு படுக்குமே தவிர, பாயை விட்டு எழுந்ததில்லை.

அப்புறம் காற்றுத் தூண்கள் வந்தன. பனையைவிட மூன்று மடங்கு உயரம். ஒவ்வொன்றிலும் அகலமான தகடுகள். எந்தத் திசையிலிருந்து காற்று வந்தாலும் பிடித்து வளைத்து மேற்கிலிருந்து கிழக்காக அனுப்பிவிடும். ஆண்டு முழுவதும் ஒரே காற்று, ஒரே வேகம். காற்றாலைகள் ஓயாமல் சுற்றின. அந்த மின்சாரத்தில் கடல்நீர் குடிநீரானது. கரையோர நகரத்தில் இரண்டு தலைமுறையாகத் தண்ணீருக்கு அலைந்தவர்கள் குழாயைத் திறந்தால் தண்ணீர் பார்த்தார்கள். ஒரே காற்று வீசினால் மணலும் ஒரே பக்கம்தான் போகும் என்பதை மட்டும் யாரும் நினைக்கவில்லை.

"உங்க கம்பெனிக்காரன் நேத்தும் வந்தான்," என்றாள் தவசம்மாள். "ஊருக்கே அடுக்குமாடி வீடு தாரானாம். மாடியில பைப்புல தண்ணி வருமாம். சுனையையும் தூக்கிட்டு வருவீரான்னு கேட்டேன். சிரிக்கான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எங்க கொழுந்தியாளைக் கேட்டுச் சொல்லுதேன்னேன். அதான் உன்னை வரச் சொன்னது. நிப்பாட்ட முடியுமா, முடியாதா? ரெண்டுல ஒண்ணு சொல்லு."

"முடியும். ஆனா ஊருக்குப் பிடிக்காது."

"ஊருக்கு எதுதான் பிடிச்சிருக்கு? வா, ஆபீசுக்குப் போவோம்."

*

ஊராட்சி அலுவலகத்தின் நடுவில் லிங்கக்கனி ஒரு கூடைச் செம்மணலைக் கொட்டினாள். எதிரே மேசை விசிறி ஒன்றை வைத்தாள். பத்திருபது பேர் சுவரோரம் நின்றார்கள். தவசம்மாள் நாற்காலியில். அவளுக்கு நேர் எதிர்மூலையில், முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, பால்துரை. தவசம்மாளுக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. வாய்க்கால் தகராறு ஒன்று. தகராறு நடந்த வாய்க்காலே இப்போது மணலுக்கடியில் கிடக்கிறது, தகராறு மட்டும் மேலே இருக்கிறது.

"நல்லாப் பாத்துக்கோங்க," என்று விசிறியைப் போட்டாள் லிங்கக்கனி. "இது சும்மா வெளாட்டுக்கு. உள்ளபடிக்குப் பிறை வடிவத்துல மேடு உருவாக ஆள் உயரத்துக்காவது மணல் வேணும். ஆனா விஷயம் இதேதான். காத்து ஒரே பக்கம். மணல் முதுகுல மெல்ல மெல்ல ஏறும். உச்சிக்கு வந்ததும் முன்னால சரியும். பின்னால கிடந்தது முன்னால வந்து விழும், பொறவு அதுக்குப் பின்னால உள்ளது. மேடு நடக்குதுன்னு சொல்லுதோமே, அது இதுதான்."

"பிறை எப்படி ஆகுது?" என்று கேட்டார் டீக்கடை வைத்திருந்த சமாதானம்.

"ஓரத்துல மணல் கம்மி. கம்மியா இருக்கது சீக்கிரம் ஓடும். நடு கனம், பிந்தி வரும். அப்போ பிறையோட ரெண்டு நுனியும், அதான் கொம்பு, முன்னால வரும்லா? மணல் நிறைய கிடந்தா பிறையெல்லாம் தோளோட தோள் ஒட்டிக்கிட்டுக் குறுக்க அலை மாதிரி வரும். மேற்க அப்படித்தான் வந்துக்கிட்டு இருக்கு. நம்மகிட்ட வந்தது அதுல முந்திக்கிட்டது."

"நம்ம மேட்டுக்குக் கொம்பு பின்னாலல்லா இருக்கு?" என்றாள் தவசம்மாள். "வயிறுதானே முன்னால வருது?"

"அதுக்குத்தான் வாரேன் மைனி." லிங்கக்கனி இரண்டு கட்டு விளக்குமாற்றுக் குச்சிகளை எடுத்து மணற்குவியலின் இரண்டு ஓரத்திலும் நட்டாள். "கொம்பு ரெண்டும் முதல்ல வந்து இறங்கினது யார் விளையில, யார் தோட்டத்துல? தெக்க எங்க அண்ணன் விளை. வடக்க பால்துரை அண்ணாச்சி விளை. ரெண்டு பேரும் என்ன செஞ்சீங்க?"

"தாழை வச்சோம். கொல்லாம் முந்திரி வச்சோம்," என்றார் பால்துரை சன்னலைப் பார்த்தபடியே. "மணலு என் விளைக்குள்ள ஒரு அடி வைக்கல. அந்த வேரு அப்படிப் பிடிச்சுக்கிட்டு."

"ரெண்டு விளைக்கும் நடுவுல?"

"நடுவுல புறம்போக்கு."

"அதுல யாரு செடி வச்சா?"

விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

"அதுல எதுக்கு வைக்கணும்?" என்றார் பால்துரை. "புறம்போக்குல நான் செடி வச்சா, பிடிக்கப் பாக்கான்னு சிலபேரு தாசில்தார்கிட்ட ஓடுவாவ. அவிய வச்சா நான் ஓடியிருப்பேன். அதான் யாரும் வைக்கல."

"பாத்துக்கோங்க," என்றாள் லிங்கக்கனி.

குச்சிகள் நட்ட ஓரங்கள் நின்றுவிட்டன. நடு மணல் மட்டும் குச்சிகளைத் தாண்டி நீண்டு, தரையில் நழுவி, சமாதானத்தின் கால்விரலைத் தொட்டது. அவர் காலை இழுத்துக்கொண்டார்.

"கொம்பை மட்டும் பிடிச்சிட்டீங்க. வயிறு அத்துக்கிட்டு ஓடுது. பிறை லாடமாயிட்டு. மேலேருந்து பாத்தா ரெண்டும் ஒண்ணுபோலத்தான் தெரியும். பிறை காத்துக்கு முதுகைக் காட்டும், லாடம் வாயைக் காட்டும். எங்க ஆபீஸ்ல படத்தைப் பாத்துட்டு, இது பழைய பிறைதான், இன்னும் வருசக்கணக்காகும்னு எழுதி வச்சிருந்தாவ. வர்ற ஆடிக்குள்ள சுனை மூடிரும்."

சுனை எங்கிருந்து வருகிறது என்பது சுனையடியில் எல்லோருக்கும் தெரியும். மேடு மழையைக் குடித்து, அடிவாரத்தில் சொட்டுச் சொட்டாகத் திருப்பிக் கொடுக்கிறது. மேடு மேலே ஏறினால் சுனை மூடும். மேட்டை அடித்து விரட்டினாலும் சுனை வற்றும்.

"நிப்பாட்டணும். ஆனா அது இங்கேயே இருக்கணும்," என்றாள் தவசம்மாள். "அதானே?"

லிங்கக்கனி இன்னும் இரண்டு விசிறிகளைக் கொண்டுவரச் சொன்னாள். மேற்கே ஒன்று, வடக்கே ஒன்று, கிழக்கே ஒன்று. விளக்குமாற்றுக் குச்சிகளைப் பிடுங்கிப் போட்டாள். ஒன்றை நிறுத்தி ஒன்றை ஓடவிட்டாள். மேல்காற்று, வாடை, கொண்டல். செம்மணல் அறை முழுக்கப் பறந்தது, எல்லோர் தேநீரிலும் விழுந்தது. குவியல் கொஞ்ச நேரம் தடுமாறியது. பிறகு மூன்று பக்கமும் கால் நீட்டிக்கொண்டு, நடுவில் கூராக எழும்பியது.

"இது எங்க போகும்?" என்றார் சமாதானம்.

"எங்கயும் போகாது. ரெண்டு காத்து மட்டும் சாய்ஞ்சு சாய்ஞ்சு அடிச்சா நீளமா வரப்பு மாதிரி ஓடும். மூணு பக்கமும் அடிச்சா ஓட வழியில்ல. மேல ஏறும். நட்சத்திர மேடு."

"உக்காந்த இடத்துல உக்காந்ததுதானா?"

"உக்காந்ததுதான்."

"புறம்போக்குல உக்காந்துட்டுப் போட்டும்," என்றார் பால்துரை. அறையில் பல தலைகள் ஆடின. பிரச்சினை தீர்ந்துவிட்ட முகம் எல்லோருக்கும்.

"புறம்போக்குலதான் உக்காரும் அண்ணாச்சி. ஆனா கால் நீட்டும். ஒரு கால் உங்க விளை. ஒரு கால் எங்க அண்ணன் விளை. இன்னொண்ணு, மேற்க வெறும் பொட்டல். அதுக்கு முன்னால ரெண்டு விளையிலயும் வச்ச செடிவேலியைப் பிடுங்கணும். கொம்புல மாட்டிக்கிட்டு இருக்க மணல் வந்து சேந்தாத்தான் மேடு எழும்பும்."

பால்துரை முதன்முறையாகச் சன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினார். "என் கொல்லாம் இந்த வருசம்தான் முதல் பூ பூத்திருக்கு."

யாரும் தவசம்மாளைப் பார்க்கவில்லை. தெற்கு விளையில் அவள் கணவரின் கல்லறை இருக்கிறது. அவள் வேலி கட்டியது விளைக்காக அல்ல, அதற்காக.

தவசம்மாள் தம்ளரில் மிதந்த மணலை விரலால் ஒதுக்கிவிட்டுத் தேநீரைக் குடித்து முடித்தாள்.

"கனி, உங்க மானேஜர்கிட்ட நாளைக்கே கேளு."

*

மானேஜர் வேதகிரி சென்னைக்காரர். நிலையத்தின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே காற்றாலைகள் ஒரே பக்கம் முகம் பார்த்து நின்றன.

"எத்தனை வரிசைத் தூணைத் திறக்கணும்?" என்று கேட்டார்.

"சுனையடியைச் சுத்தி இருக்கிறது மட்டும் சார். வாடையையும் கொண்டலையும் வளைக்காம, குவிச்சு நேரா விட்டாப் போதும். குவிச்சு விட்டா பல வருஷ வேலை ஒரு பருவத்துல முடியும்."

"அந்த வரிசைக்குப் பின்னாடி எத்தனை ஆலை ஓடாம நிக்கும்னு உங்களுக்கே தெரியும். நகரத்துல தண்ணிக்கு முறை வைக்கணும். நீங்க எங்க குடியிருக்கீங்க?"

"நகரத்துலதான். மூணாவது மாடி."

"குழாய்ல தண்ணி வரலைன்னா அக்கம்பக்கத்துல யாரைத் திட்டுவாங்க?"

"என்னைத்தான் சார். திட்டட்டும். குடத்தோட நானும் வரிசையில நிப்பேன்."

வேதகிரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட மனிதரில்லை. அவர் மேசைமேல் நகரத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதிய நன்றி அட்டை ஒன்று நிற்கும். முதல் நாள் குழாயில் தண்ணீர் வந்தபோது அனுப்பியது.

"சித்திரை வரைக்கும் தர்றேன். அதுக்கப்புறம் எல்லாத் தூணும் பழையபடி மேற்கு. மேடு திரும்ப நடந்துச்சுன்னா ஊரைக் காலி பண்ணிடணும். எங்களைக் கேக்கக் கூடாது. உங்க அண்ணி சம்மதிப்பாங்களா?"

லிங்கக்கனி போனில் கேட்டாள். தவசம்மாள் யோசிக்கவே இல்லை.

"சரின்னு சொல்லு. காலி பண்ணச் சொல்லி அவன் கேக்கப்போறது எப்படியும் கேக்கத்தான் போறான். நடுவுல ஒரு பருவம் நமக்குக் கிடைக்குல்லா?"

*

வேலி பிடுங்கிய காலையில் தெற்கு விளைக்கு ஊரே வந்திருந்தது. பால்துரையைக் காணோம். தவசம்மாள் சேலையை வரிந்து செருகிக்கொண்டு முதல் தாழையின் தூரைப் பிடித்து இழுத்தாள். அது அசையவில்லை. இன்னொரு முறை இழுத்தாள்.

"கனி," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. பால்துரை, தோளில் மண்வெட்டியோடு. "அந்தம்மாகிட்டச் சொல்லு. தாழையை அப்படி இழுத்தா இடுப்புதான் போகும். அடியில வெட்டணும்."

"கனி," என்றாள் தவசம்மாள் நிமிராமலே. "அவருகிட்டச் சொல்லு. அவரு விளை வடக்க இருக்கு. வழி தப்பி வந்திருக்காரு."

"வடக்க முடிச்சாச்சுன்னு சொல்லு."

தவசம்மாள் நிமிர்ந்தாள். அவர் சட்டை முழுவதும் கொல்லாம்பூ உதிர்ந்து ஒட்டியிருந்தது. அவர் அதைத் தட்டிவிடவும் இல்லை. நேரே வந்து தாழையின் அடியில் மண்வெட்டியைப் போட்டார். வெயில் ஏறும்வரை இருவரும் அடுத்தடுத்த தூர்களை எடுத்தார்கள். லிங்கக்கனிக்குச் சொல்லும் வேலை இல்லாமல் போயிற்று.

கடைசியில் கல்லறை மட்டும் நின்றது. சுண்ணாம்பு அடித்த சின்னக் கல்.

"தவசம்மா," என்றார் பால்துரை. நடுவில் யாரையும் நிறுத்தாமல், நேராக. "இதை எடுத்து ஊருக்குள்ள எங்கயாவது வச்சிரலாமா? நாலு பேரு போதும்."

"வேண்டாம் அண்ணாச்சி. அவரை எடுத்து எங்க வைக்க? உயிரோட இருக்கும்போதே நாற்காலியில உக்காந்தா எந்திரிக்க மாட்டாரு. கரண்டுக்காரன் வந்து, பெரியவரே கொஞ்சம் தள்ளி உக்காரும், வயர் இழுக்கணும்னு சொன்னான். நீ வயரைத் தள்ளி இழுலேன்னு சொல்லிட்டாரு. இன்னிக்கும் அந்த வயர் வளைஞ்சுதான் போகுது."

பால்துரை சிரித்துவிட்டார். அப்புறம் அவளும்.

*

அந்த ஐப்பசியில் சுனையடிக்கு வாடை வந்தது. தூண் வைத்த பிறகு பிறந்த பிள்ளைகள் அது என்ன குளிர் என்று கேட்டார்கள். காலையில் வாடை, பிற்பகலில் கொண்டல், இடையிடையே மேல்காற்று. லிங்கக்கனி ஒவ்வொன்றையும் அளந்து விட்டாள். விடுபட்ட கொம்புகள் இரண்டும் வயிற்றோடு வந்து சேர்ந்தன. மேடு சுனைக்கரைக்கு ஒரு வீட்டு அகலம் முன்னால் நின்று, முதுகு மடங்கி, மேலே ஏறத் தொடங்கியது.

நகரத்தில் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தது. பிறகு வாரம் இரண்டு முறை.

"உங்க ஊர் மண்ணு நிக்கணும்னு எங்க வாயில மண்ணைப் போடுறீங்களே, நல்லாயிருக்கா?" என்றாள் லிங்கக்கனியின் எதிர்வீட்டுப் பெண், இடுப்பில் குடத்தோடு. அவள் வீட்டில் கைக்குழந்தை இருந்தது.

"நல்லாயில்லதான்," என்றாள் லிங்கக்கனி. தன் குடத்து நீரைப் பாதி அவள் குடத்தில் ஊற்றினாள்.

மார்கழியில் ஒருநாள் கல்லறைக் கல்லின் நுனி மறைந்தது. தவசம்மாள் அன்று போய்க் கொஞ்ச நேரம் நின்றாள். "சுகமா இரும்," என்று சொல்லிவிட்டு, சுனையில் தண்ணீர் மட்டம் பார்க்கப் போனாள். மட்டம் ஒரு சாண் ஏறியிருந்தது.

சித்திரை முடிந்தது. தூண்கள் ஒவ்வொன்றாகப் பழைய பக்கம் திரும்பின.

தவசம்மாள் மேட்டின் அடிவாரத்தில், சுனைப் பக்கம், ஒரு பனைமட்டையை ஊன்றி வைத்தாள். மேல்காற்று தொடங்கிய முதல் வாரத்திலேயே மணல் அதைத் தொட்டது. மறுநாள் பாதி மட்டை உள்ளே போனது. ஊரில் சிலர் பாத்திரங்களைக் கட்டத் தொடங்கினார்கள்.

"என்ன சொல்லுத கனி?" என்றாள் தவசம்மாள்.

"தெரியல மைனி. உள்ளதைச் சொல்லுதேன், எனக்குத் தெரியல."

"நான் கட்டப்போறதில்ல. அந்த மட்டை முழுசா முங்கட்டும், அன்னிக்குப் பாப்போம்."

பால்துரை தினமும் மட்டையைப் பார்த்துவிட்டு வந்து அவளிடம் சொன்னார். ஆனி பிறந்தது. மட்டை முங்கவில்லை. ஒருநாள் காலையில் அவர் செருப்பைக்கூடப் போடாமல் ஓடிவந்தார். "தவசம்மா! மட்டை முழுசா வெளிய நிக்கு!"

*

ஆடியில் வேதகிரி போன் செய்தார். லிங்கக்கனி அப்போது சுனைக்கரையில்தான் இருந்தாள்.

"சுனையடி பக்கத்து ஏழாம் வரிசைத் தூணை யார் திறந்தது?"

"யாரும் திறக்கலை சார்."

"பொய் சொல்லாதீங்க மேடம். இங்க திரையில சுனையடிக்கு வடக்கேயிருந்து காத்து காட்டுது. தெற்கேயிருந்தும் காட்டுது. கிழக்கேயிருந்துகூடக் காட்டுது. நான் மேற்கை மட்டும்தானே விட்டிருக்கேன்?"

"ஒரு நிமிஷம் சார்."

அவளும் தவசம்மாளும் மேட்டில் ஏறினார்கள். ஏற நேரமாயிற்று, இப்போது அது தேரியிலேயே உயரமானது. உச்சியில் மேல்காற்று முகத்தில் அறைந்தது. இரண்டடி கீழே, மறுபக்கச் சரிவில் இறங்கி நின்றபோது, லிங்கக்கனியின் முந்தானை மேற்கே பறந்தது. காற்று போகும் திசைக்கு நேர் எதிராக. அவள் வடக்குக் காலின் ஓரத்துக்குப் போனாள். அங்கே முந்தானை தெற்கே பறந்தது.

"சார், தூண் எல்லாம் நீங்க விட்டபடியேதான் நிக்குது. மேடுதான் காத்தை உடைக்குது. இவ்வளவு உயரத்தை மேல்காத்தால ஏறித் தாண்ட முடியல. ரெண்டு பக்கமும் பிரிஞ்சு, சுருண்டு, திரும்ப வந்து அடிக்குது. தன்னை நிறுத்தி வைக்கிறதுக்கு வேணுங்கிற காத்தை அதுவே உண்டாக்கிக்குது."

லிங்கக்கனி மேற்கே பார்த்தாள். தொலைவில் அடுத்த பிறை வந்துகொண்டிருந்தது. எந்தத் தூணும் அதை நோக்கித் திறக்கவில்லை. ஆனால் அதன் ஒரு கொம்பு மெல்லத் திசை மாறி வளைந்திருந்தது. இந்த மேட்டிலிருந்து தெறித்த காற்று அதற்குள்ளும் புகுந்திருக்க வேண்டும்.

"அப்போ பின்னாடி இருக்கிற ஆலை வரிசை?" என்றார் வேதகிரி.

"கொஞ்ச ஆலை ஓடாம நிக்கும் சார். மேற்கே வேற இடத்துக்கு மாத்தணும். செலவாகும், நாளாகும். அதுவரைக்கும் நகரத்துக்குத் தண்ணி குறையும். அதை நான் மறைக்கலை."

"இல்லைன்னா இந்த மேட்டை இடிக்கணும்."

தவசம்மாள் கையை நீட்டினாள். லிங்கக்கனி போனைக் கொடுத்தாள்.

"சார், தவசம்மா பேசுதேன். சுனையில தண்ணி கரையைத் தொட்டு நிக்கு. எங்களுக்குப் போக மிச்சம் இருக்கு. எங்க கொழுந்தியா தெருவுல கைப்பிள்ளைக்காரி ஒருத்தி இருக்காளாம். முதல் லாரி அங்க. ஆலையை மாத்தி முடிக்கிற வரைக்கும் தினமும் ஒண்ணு அனுப்புதோம். நீங்க லாரியை மட்டும் விடுங்க."

"அது பத்தாதும்மா."

"பத்தாதுதான். ஆனா மேட்டை இடிச்சா அதுவும் கிடையாது."

"அது வெறும் மணல்தாம்மா. பத்து இயந்திரம் வந்தா ஒரு மாசம்."

தவசம்மாள் தெற்குக் காலைப் பார்த்தாள். செம்மணல் வழுவழுவென்று, ஒரு அடையாளமும் இல்லாமல் கிடந்தது.

"வெறும் மணல் இல்ல சார். உள்ள எங்க வீட்டுக்காரரு உக்காந்திருக்காரு. நீங்களே நேர்ல வந்து, எந்திரியும்னு சொல்லிப் பாருங்க."